இரண்டு கைப்பிடி வைத்த பெட்டி

வேலைக்கு வரச் சொன்னவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "சாமான் பெட்டி உன்னுடையதாக இருக்க வேண்டும். என் ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தன் சாமானை இன்னொருத்தன் தொட மாட்டான்."

சொன்னவர் தில்லியில் போகல் பகுதியில் மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மல்ஹோத்ரா. கேட்டுக்கொண்டு நின்றவன் லூர்துராஜ். அப்போது அவன் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். எண்பத்தாறாம் வருஷம் ஜனவரியில் ஒரு மூடுபனிக் காலை, லாஜ்பத் நகர் போகும் வழியில் வேன் முக்கி முனகி நின்றுபோனது. பிள்ளைகளை உள்ளேயே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றி ஊதித் துடைத்து மாட்டிப் பத்து நிமிஷத்தில் வண்டியைக் கிளப்பினான். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த காரிலிருந்து திட்டுவதற்காக இறங்கி வந்த மல்ஹோத்ரா, திட்டாமல் நின்று பார்த்தார்.

"எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று இந்தியில் கேட்டார்.

"இந்த வண்டியிலேதான், சாப். இது மூன்று நாளைக்கு ஒரு தடவை இப்படித்தான் நிற்கும்."

அவர் சிரித்துவிட்டு விலாசம் சொன்னார். மறுநாள் அங்கே போய் நின்றவனை மார்ச் முதல் தேதி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

லூர்துராஜுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மனைவி தெரசாவுக்குத் தில்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து அவள் தூத்துக்குடியிலிருந்து முன்னால் வந்துவிட, ஆறு மாதம் கழித்து அவன் பின்னால் வந்தான். வந்த நாலு வருஷத்தில் பஹார்கஞ்சில் ஓர் அச்சகத்தில் காகிதம் அடுக்கினான். ஆசாத்பூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றி இறக்கினான். அதற்குப் பிறகு வேன். எதையும் அவனாக விட்டதில்லை. அச்சகத்தை மூடிவிட்டார்கள், கிடங்கில் ஆள் குறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து, "வேற பாத்துக்கிடலாம்" என்று மட்டும் சொல்லுவான். தெரசா அதற்கு மேல் கேட்க மாட்டாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு முட்டை கூடுதலாக இருக்கும்.

மெக்கானிக் வேலை என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "நீங்க ஸ்டவ்வ ரிப்பேர் பண்ணும்போதே எனக்குத் தெரியும். உங்க கையி இரும்பத் தொட்டா இரும்பு சொன்னபடி கேக்கும்" என்றாள்.

அவர்கள் இருந்தது சரோஜினி நகருக்குப் பக்கத்தில் பிலஞ்சியில், ஒரு மொட்டைமாடி அறை. கட்டிலுக்கு அடியில் பழைய போர்வையில் சுருட்டி அவனுடைய சாமான்கள் கிடந்தன. வேன் ஓட்டிய காலத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை: ஸ்பேனர்கள், திருப்புளிகள், ஒரு குறடு, சுத்தியல், சக்கரம் கழற்றும் நீளக் கம்பி ஒன்று. போர்வையை விரித்து அவற்றைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்.

"ஒரு கைப்பெட்டி போதும். சின்னதா, தூக்குறதுக்கு லேசா. பஸ்ல ஏறணும், இந்தப் படியில ஏறணும்."

"இந்தக் கம்பி அதுல அடங்குமா?"

"அத தனியா ஒரு துணியில சுத்திக்கிடுவேன்."

செவ்வாய்க்கிழமை தெரசாவுக்கு டியூட்டி இல்லை. பெட்டி வாங்கத் தானும் வருவதாகச் சொன்னாள். அவன் வேண்டாம் என்றான். அவள் அதற்குள் தலை பின்ன உட்கார்ந்துவிட்டாள்.

காஷ்மீரி கேட்டில் இறங்கியபோது நல்ல வெயில். வண்டிச் சாமான் கடைகள் வரிசையாக, நடைபாதை முழுக்க டயர்களும் ரேடியேட்டர்களுமாகப் பரப்பிக் கிடந்தன. தெரசா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிரீஸ் கறைகளைத் தாண்டித் தாண்டி நடந்தாள். நாலாவது கடையில் பெட்டிகள் இருந்தன. கடைக்காரர் மருதாணி பூசிய தாடிக்காரர். அவசரப்படாத மனிதர். மூன்று அளவு எடுத்துப் போட்டார்.

முதலாவது கைக்கு அடக்கமான சின்னப் பெட்டி. மேலே ஒரு கைப்பிடி, உள்ளே ஒரு தட்டு. இரண்டாவது, இழுத்தால் படிப்படியாக இரண்டு பக்கமும் விரியும் ஐந்து தட்டுப் பெட்டி. மூன்றாவதை அவர் எடுத்துப் போடவில்லை. அது இருந்த இடத்தையே காட்டினார். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தது. கரும்பச்சை நிறம். மேலே மூடி, முன்பக்கம் மூன்று இழுப்பறை, இரண்டு பக்கமும் இரும்பு வளையம்போல் கைப்பிடிகள்.

லூர்துராஜ் அதை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான். திரும்பிச் சின்னப் பெட்டியை எடுத்து, கையில் தூக்கிக் கடைக்குள்ளேயே நாலு எட்டு நடந்தான்.

"இது போதும்" என்றான்.

"பாயி சாப், எந்த வண்டி வேலை?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எல்லாம்தான். அம்பாசடர், ஃபியட், இப்போது மாருதியும் வருகிறதாம்."

"அப்படியென்றால் இது போதாது. அம்பாசடருக்கு அங்குல ஸ்பேனர். மற்ற இரண்டுக்கும் மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கலக்கினால், காருக்குக் கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாய். நட்டின் முனைகூட மழுங்கிப்போகும்."

அது லூர்துராஜுக்குத் தெரியாததல்ல. தலையை ஆட்டினான். ஆனால் சின்னப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

தெரசா கடைக்காரரிடம் ஆஸ்பத்திரியில் பழகிய இந்தியில், "சரி பாயி சாப், நாங்கள் டீ குடித்துவிட்டு வருகிறோம்" என்றாள். புருஷன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

எதிர்ப்புறம் டீக்கடை. பெஞ்சின் ஒரு மூலையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கண்ணாடி டம்ளர் சுட்டது. தெரசா சேலைத் தலைப்பை மடித்து அவன் டம்ளருக்கு அடியில் பிடிக்கக் கொடுத்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய."

"சொல்லு."

"எங்க எலும்பு வார்டுல சில பேரு இருக்காவ. கால்ல கட்டுப் போட்டு, மூணு மாசம் அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருப்பாரு. ஆனா செருப்பு ரெண்டையும் பையில போட்டுக் கட்டி, தலைமாட்டுலயே வச்சிருப்பாவ. எப்ப வெரட்டுவாங்களோன்னு பயமாம். நாங்க வெரட்டவே மாட்டோம்னு சொன்னாலும் கேக்க மாட்டாவ. ராவெல்லாம் ஒரு கை பை மேலயே இருக்கும்."

அவன் டீயை ஊதினான்.

"நீங்களும் அப்படித்தான் இருக்கிய. அச்சாபீஸ்ல ஒரு டம்ளர்கூட வச்சது கெடையாது. வேன்ல துடைக்கிற துணியக்கூட தினமும் வீட்டுக்குக் கொண்டாந்திருவிய. நான் தொவைக்கத்தான்னு மொதல்ல நெனச்சேன். அது அப்படி இல்லன்னு பெறவுதான் வெளங்கிச்சு."

எதிரே ஒரு கைவண்டிக்காரன் பழைய எஞ்சினை ஏற்றிக்கொண்டு, வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே போனான். அவன் போய் மறைந்த பிறகு லூர்துராஜ் சொன்னான்.

"கெடங்குல ஆள் கொறைச்சாங்கன்னு சொன்னேன்லா? கொறைச்சது நெசந்தான். ஆனா எங்கிட்ட யாரும் சொல்லல. காலைல போனேன், கேட்டப் பூட்டியிருந்தாங்க. வாட்ச்மேன் என் பைய மேல வழியாத் தூக்கிப் போட்டான். தூக்குவாளி தெறந்து ரோட்டுல உருண்டு போயிட்டு. லாரி வருது, நான் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குதேன். உள்ள என்கூட வேல பாத்தவன் எல்லாம் கம்பி வழியாப் பாத்துட்டு நின்னான்."

"எந்தத் தூக்குவாளி?"

"நீ மொத சம்பளத்துல வாங்கித் தந்தது. ஒடுங்கிப் போச்சு. பஸ்ல தொலஞ்சு போச்சின்னு உன்கிட்ட சொன்னேன்."

தெரசா வார்டில் எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்லிப் பழகியவள்தான். அந்த வார்த்தை ஒன்றும் இங்கே உதவாது என்று பட்டது. அவன் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பட்டப்பகலில், அத்தனை கடைக்காரர்கள் நடுவில். அவன் ஒருதரம் இழுத்துப் பார்த்தான். அவள் விடவில்லை.

கொஞ்சநேரம் கழித்து, "அந்த ஒர்க்‌ஷாப்ல உங்களுக்குன்னு எடம் காட்டினாரா?" என்று கேட்டாள்.

"காட்டினாரு. சுவரோரம் ஒரு மேசை. அதுக்கு அடியில பெட்டி வைக்கலாம்."

"எவ்வளவு எடம் இருக்கும்?"

"நாலு சாண் அகலம், ரெண்டரைச் சாண் ஒசரம்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தெரசா அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் சிரிப்பு வந்துவிட்டது.

"அளந்து பாத்திருக்கிய!"

"சும்மா, அவரு போன் பேசப் போயிருந்தாரு..." என்று இழுத்தான். காதுமடல்கூடச் சிவந்துபோயிற்று.

திரும்பக் கடைக்குள் போனபோது அவன் நேராகச் சுவரோரம் போய்ப் பச்சைப் பெட்டியின் முன்னால் குந்தினான். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அதன் அகலத்தை அளந்தான். மூன்றரைச் சாண். உயரம் இரண்டு சாணுக்குக் கொஞ்சம் கூட. இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்தான். முதல் இரண்டும் வழுக்கிக்கொண்டு வந்தன. மூன்றாவது பாதியில் முரண்டு பிடித்தது. அதை முழுக்க வெளியே எடுத்து, அது ஓடும் சட்டத்தில் ஒட்டியிருந்த பெயின்ட் கட்டியை நகத்தால் சுரண்டிவிட்டுத் திரும்பச் செருகினான். சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. கடைக்காரர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"இந்த ஐந்து தட்டுப் பெட்டி எப்படி?" என்று லூர்துராஜ் கேட்டான். சரியாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது வந்துவிட்டது.

"சாமான் குறைவாக இருந்தால் அழகாக இருக்கும். நிறைய ஏற்றினால் இந்த மூட்டெல்லாம் வளைந்துவிடும். அப்புறம் மூடவே மூடாது. நானே விற்கிறேன், நானே சொல்கிறேன்."

"அப்ப மேல் மூடியில நீளக் கம்பியும் சுத்தியலும். மொத அறையில அங்குல ஸ்பேனர், ரெண்டாவதுல மில்லிமீட்டர். மூணாவது..." அவன் தமிழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனான்.

"மூணாவதுல?" என்றாள் தெரசா.

"அது இப்பத்திக்குக் காலிதான். சாமான் வாங்க வாங்க ரொம்பும்."

"ரொம்பட்டும்."

"ஆனா இது ரொம்புனா ஒத்தையாளாத் தூக்க முடியாது, தெரசா."

"எதுக்குத் தூக்கணும்? அது அங்கயே இருக்கும். நீங்கதான் போவிய, வருவிய."

காலியாக இருந்தபோதே அது கனமாகத்தான் இருந்தது. ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஆட்டோக்காரர்கள் பெட்டியைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாவது ஆள் முணுமுணுத்துக்கொண்டு ஏற்றினான். பெட்டி உள்ளே போனபின் கால் வைக்க இடமில்லை. தெரசா செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் மேலேயே காலை நீட்டிக்கொண்டாள். ஒரு வாரமாக இரவு டியூட்டி பார்த்து வீங்கியிருந்த கால். செங்கோட்டையைத் தாண்டும்போது அவள் தூங்கிவிட்டாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் கால் நழுவாதபடி லூர்துராஜ் போகல் வரைக்கும் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

பெட்டி வீட்டுக்கு வரவே இல்லை. நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. அங்கே வேலை பார்த்த யூசுஃப், லூர்துராஜைவிட நாலைந்து வயது இளையவன், ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தான். மேசைக்கு அடியில் தள்ளியபோது இரண்டு பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டு அது கச்சிதமாக உட்கார்ந்தது.

முதல் தேதியிலிருந்து தினமும் ஒரு மஞ்சள் பையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான்களைக் கொண்டுபோனான். வாங்க வேண்டியதையும் வாங்கிப் போட்டான். மூன்றாவது வாரத்தில் கட்டிலுக்கு அடியில் போர்வை மட்டும்தான் கிடந்தது. தெரசா அதைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டாள்.

அந்த வாரம்தான் அது நடந்தது.

ஒரு வக்கீலுடைய பழைய ஃபியட். புகைக்குழாய் எஞ்சினோடு சேருகிற இடத்தில் ஓட்டை விழுந்து, வண்டி லாரிபோல் உறுமிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. மல்ஹோத்ரா லூர்துராஜிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுச் சாமான் வாங்க வெளியே போயிருந்தார். நாலு நட்டு கழற்ற வேண்டும். மூன்று வந்துவிட்டன. நாலாவது துருவேறி இறுகியிருந்தது. எண்ணெய் விட்டான், தட்டினான், மெதுவாகத் திருகினான். நட்டு அசைவதுபோல் இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்பேனர் கையோடு வந்துவிட்டது. நட்டும் அதற்குள் முறிந்த போல்ட் துண்டும் தரையில் விழுந்து உருண்டன. மிச்சம் எஞ்சினிலேயே நின்றுவிட்டது.

வேனில் லூர்துராஜுக்கு இப்படி எதுவும் முறிந்ததில்லை. எஞ்சினின் தலையையே கழற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தான். வக்கீல் வருவார். மல்ஹோத்ரா கத்துவார். எல்லாரும் நின்று பார்ப்பார்கள். அதற்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை. கையைத் துடைத்தான். பரப்பியிருந்த ஸ்பேனர்களை எடுத்து அங்குலத்தை ஒரு அறையிலும் மில்லிமீட்டரை இன்னொன்றிலுமாக ஒழுங்காக அடுக்கினான். அப்போதும் கலக்க மனம் வரவில்லை. மூடிப் பூட்டினான். மல்ஹோத்ரா வருவதற்குள் போய்விட வேண்டும்.

மேசைக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தான். இழுக்க வந்தது. தூக்க வரவில்லை. ஒரு கைப்பிடியைப் பிடித்தால் ஒரு பக்கம் எழும்பியது, மறுபக்கம் தரையைக் கீறியது. இரண்டு கைகளையும் விரித்துக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தான். முழங்கால் உயரம்கூட வரவில்லை. இரண்டாவது தடவையும் பார்த்தான். பிறகு வேறு வழியில்லாமல் கூப்பிட்டான்.

"யூசுஃப் பாய், கொஞ்சம் ஒரு பக்கம் பிடிக்கிறாயா?"

யூசுஃப் ஒரு அம்பாசடருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்தான். வழக்கம்போல் ஒரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான். தூக்கியபின்தான் கேட்டான்.

"எங்கே வைக்க?"

"வெளியே. ரோட்டில். ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன்."

"ரோட்டிலா? ஏன்?"

லூர்துராஜ் தலையால் ஃபியட்டைக் காட்டினான். யூசுஃப் பெட்டியைக் கீழே வைத்தான். அவன் வைத்ததால் லூர்துராஜும் வைக்க வேண்டியதாயிற்று. யூசுஃப் போய் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தான். தரையில் கிடந்த நட்டை எடுத்துப் பார்த்தான்.

"இதற்கா?" என்றான். கேலியே இல்லை அவன் குரலில். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். "அரே, போன மாதம் நான் இரண்டு முறித்தேன். சாப் ஒன்று முறித்தார், அதுவும் அவருடைய மச்சினன் வண்டியில். ஃபியட்டில் இது முறியாமல் வந்தால்தான் அதிசயம். வெல்டிங் கண்ணாடியை எடு."

முறிந்த முனை விரல்நுனி அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு புது நட்டை வைத்து யூசுஃப் பற்றவைத்தான். சூடு கொஞ்சம் ஆறியதும், "நீ திருப்பு. உன் கை பதமான கை" என்றான். லூர்துராஜ் பெட்டியைத் திறந்து பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தான். முன்னும் பின்னுமாக, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். கால்மணி நேரம் ஆயிற்று. பிறகு துண்டு முழுசாகச் சுழன்று வெளியே வந்து உள்ளங்கையில் விழுந்தது. இன்னும் சூடாக இருந்தது. அவன் அதைக் கீழே போடவில்லை.

மல்ஹோத்ரா வந்தபோது வண்டி தயாராக நின்றது. யூசுஃப் ஒன்றும் சொல்லாமல் தன் அம்பாசடருக்கு அடியில் போய்விட்டான். சொல்லாமலே விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. லூர்துராஜ் போய் அவர் முன்னால் நின்றான்.

"சாப், ஒரு போல்ட் என் கையில் முறிந்துவிட்டது. யூசுஃபும் நானும் எடுத்துப் புதியது போட்டோம்."

அவர் குனிந்து பார்த்தார். கையை வைத்து அசைத்துப் பார்த்தார். "பழைய ஃபியட் வந்தால் முதல்நாள் சாயங்காலமே எண்ணெய் ஊற்றிவிடு" என்றார். பிறகு, நடுவழியில் கிடந்த பச்சைப் பெட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டு உண்மையிலேயே கத்தினார். "இதை யார் வழியில் போட்டது? உள்ளே தள்ளு!"

யூசுஃப் காருக்கு அடியில் சிரிப்பது கேட்டது. இருவருமாகத் தள்ளினார்கள்.

தெரசாவிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். ஆனால் அவளுக்கு அந்த வாரம் இரவு டியூட்டி. அவன் வீட்டுக்கு வரும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். சனிக்கிழமை மத்தியானம் அவன் ஒரு மாருதிக்கு அடியில் படுத்திருந்தபோது, கண்ணுக்கு நேரே வாசலில் இரண்டு கால்கள் வந்து நின்றன. வெள்ளை ஷூ. எண்ணெய்த் தரையைப் பார்த்துத் தயங்கி, ஒன்றை எடுத்து ஒன்றை வைத்து உள்ளே வந்தன. இடது காலைக் கொஞ்சம் அழுத்தி வைக்கிற நடை. ஆயிரம் பேர் நடந்தாலும் அவனுக்குத் தெரியும்.

"தெரசா" என்று அடியிலிருந்தே கூப்பிட்டான்.

கால்கள் திடுக்கிட்டு நின்றன. அவள் குனிந்து பார்த்தாள். "இன்னைக்குப் பகல் டியூட்டிக்கு மாத்திக்கிட்டேன். சீக்கிரம் விட்டுட்டாவ. எங்க இருக்கிய?"

"இங்கனதான். வேல இருக்கு. ஆறு மணி ஆவும்."

"ஆவட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

யூசுஃப் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீக்குச் சொல்லியனுப்பினான். அவள் உட்கார்ந்தாள். லூர்துராஜ் மல்லாந்து படுத்தபடி வேலை செய்துகொண்டே, போல்ட் முறிந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னான். ரோட்டுக்குப் போகப் பெட்டியைத் தூக்கியது, தூக்க முடியாமல் போனது, ஒன்றையும் விடவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. கதை முடிந்ததும் அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். அவள் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அழுதியா?"

"இல்ல, பெட்ரோல் வாட" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "போற வழியில ஐ.என்.ஏ. மார்க்கெட்ல எறங்கி மீன் வாங்குவோமா?" என்று கேட்டாள்.

"வாங்குவோம். பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர எடுத்துக் கொடு. ரெண்டாவது அறை."

அவள் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு எழுந்துபோய் இழுப்பறையை இழுத்தாள்.